அலர்ட் வந்த பிறகு என்ன? நான்கு இடிஆர் மென்பொருள்களை ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

ஒரு சனிக்கிழமை இரவு வந்த அலர்ட்டில் இருந்து தொடங்குகிறேன், எந்த மென்பொருளை வாங்குவது என்ற எங்கள் எண்ணத்தையே அந்த இருபது நிமிடம்தான் மாற்றியது. கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒருவர் வீட்டில் இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு தளத்தைத் திறந்ததும், நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்யுங்கள் என ஒரு பெட்டி வந்திருக்கிறது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோல் வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள், அவ்வளவுதான். அவரும் தட்டிவிட்டார். அந்தத் தளம் கிளிப்போர்டில் ஏற்கெனவே நுழைத்து வைத்திருந்த பவர்ஷெல் கட்டளை மறைவாக ஓடி, வெளியே ஒரு முகவரியில் இருந்து ஸ்கிரிப்ட்டை இறக்கி, டிஸ்க்கில் எழுதாமல் நேரே மெமரியிலேயே ஓட்டியது. கிளிக்ஃபிக்ஸ் என்று இந்த உத்திக்குப் பெயரே இருக்கிறது.

பழைய ஆன்டிவைரஸ் பார்ப்பது கோப்பை. இங்கே கோப்பே இல்லை. பவர்ஷெல்லோ மைக்ரோசாஃப்ட்டின் சொந்த நிரல், கட்டளையைத் தட்டியதும் அந்த லேப்டாப்பின் உரிமையாளரே. அந்த லேப்டாப்பில் ட்ரயலுக்காக ஓர் இடிஆர் ஏஜென்ட் (மெஷினில் நடப்பதைக் கவனித்து, கன்சோல் என்ற மையத் திரைக்குச் சொல்லும் சிறு நிரல்) போட்டிருந்ததால் தப்பித்தோம். கன்சோலைத் திறந்தால் எக்ஸ்ப்ளோரர், அதன் கீழே பவர்ஷெல், அதன் கீழே வெளியே போன ஒரு இணைப்பு, பிறகு புதிதாகப் பதிவாகியிருந்த ஒரு ஷெட்யூல்ட் டாஸ்க் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) என்று எல்லாம் ஒரே மரமாக வரிசையில் இருந்தது. அந்த டாஸ்க்கைப் பார்த்ததும் வேறு எதையும் யோசிக்காமல் ஐசொலேட் கொடுத்தேன். கன்சோலோடு பேசும் இணைப்பைத் தவிர மற்ற எல்லாம் அறுந்துவிடும். இரண்டு நிமிடத்தில் அவரே போன் செய்தார்: "சார், நெட் போயிடுச்சு." அந்த வார்த்தையைக் கேட்டபோது வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

இந்த வகை மென்பொருளுக்குப் பெயர் வைத்தவர் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனத்தில் அப்போது இருந்த ஆன்டன் சுவாகின். 2013-ல் அவர் வைத்த பெயரில் த்ரெட் என்ற சொல்லும் இருந்தது. அது பிறகு உதிர்ந்து எண்ட்பாயிண்ட் டிடெக்ஷன் அண்ட் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக இடிஆர், ஆனது. வேலை இதுதான்: ஒவ்வொரு மெஷினிலும் எந்த ப்ராசஸ் எதைத் தொடங்கியது, எந்தக் கோப்பைத் தொட்டது, எந்த முகவரியோடு பேசியது என்று ஓயாமல் பதிவு செய்வது, அதில் கெட்ட நடத்தை தெரிந்தால் சொல்வது, நிறுத்துவது, பிறகு பின்னோக்கிப் போய்த் தேட விடுவது. இந்தக் கடைசி வேலையை விற்பனைப் பேச்சில் யாரும் அதிகம் சொல்வதில்லை, ஆனால் உண்மையில் ஒரு சம்பவம் நடந்துவிட்டால் மேலாளர் கேட்கும் முதல் கேள்வியே "இது எப்போதிலிருந்து இருக்கிறது?" என்பதுதான்.

எங்கள் நிறுவனத்தில் கிட்டத்தட்ட 240 மெஷின்கள், அதைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர். இரவில் கன்சோலைப் பார்க்க ஆள் கிடையாது. கீழே சொல்வதை எல்லாம் இந்த நிலையில் இருந்துதான் படிக்க வேண்டும், முழுநேரப் பாதுகாப்புக் குழு வைத்திருப்பவர்களின் கணக்கே வேறு. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஃபார் எண்ட்பாயிண்ட், கிரவுட்ஸ்ட்ரைக் ஃபால்கன், சென்டினல்ஒன் மூன்றையும் தனித்தனி மெஷின் குழுக்களில் ஓட்டினோம், சோஃபோஸை மட்டும் சர்வர்களில் சோதித்தோம். ஒரே மெஷினில் இரண்டு இடிஆர் போடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு மெஷினை மூச்சுத் திணற வைத்துவிடும். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, அதே படிகளை ஆபத்தில்லாத ஒரு ஸ்கிரிப்ட்டாக எழுதி எல்லாவற்றிலும் ஓட்டினேன். அதோடு தாக்குதல் உத்திகளைப் போலச் செய்து பார்க்கும் அட்டாமிக் ரெட் டீம் என்ற இலவசத் தொகுப்பில் இருந்து சில சோதனைகளையும் எடுத்துக்கொண்டேன். நான்குமே பிடித்தன. அதனால் பிடிக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டேன், பிடித்ததைத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு ஆளுக்கு எப்படிச் சொல்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சென்டினல்ஒன். ஸ்டோரிலைன் என்று ஒரு விஷயம் இருக்கிறது, ஒரு தாக்குதலில் சங்கிலியாக நடந்த எல்லாவற்றுக்கும் ஒரே அடையாள எண்ணைக் கொடுத்துக் கட்டிவிடும். தனித்தனித் துண்டுகளை நாம் ஒட்ட வேண்டியதில்லை. முடிவெடுப்பதில் பெரும்பகுதியை ஏஜென்ட்டே மெஷினுக்குள் செய்துவிடுவதால் நெட் இல்லாத லேப்டாப்பும் அம்போ என்று நிற்காது. பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ரோல்பேக்கும் இருக்கிறது, ஆனால் அது விண்டோஸ் எடுத்து வைக்கும் பிரதியான ஷேடோ காப்பியை நம்பி ஓடுவது, அதனால் விண்டோஸுக்கு மட்டும்தான். அதை பேக்கப் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 மே 29 அன்று சென்டினல்ஒன் கன்சோல்கள் உலகம் முழுக்கப் பல மணி நேரம் திறக்காமல் போயின. மெஷின்களில் பாதுகாப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் என்ன நடக்கிறது என்று பார்க்க வழி இல்லை. க்ளவுடில் இருந்து ஆளும் எந்த மென்பொருளுக்கும் இந்த நாள் வரலாம், அன்றைக்கு ஏஜென்ட் தன்னிச்சையாக எவ்வளவு செய்யும் என்பதை வாங்கும்போதே கேளுங்கள்.

டிஃபெண்டர் விஷயத்தில் முதலில் லைசென்ஸைத்தான் படிக்க வேண்டும். பிளான் ஒன், பிளான் டூ என்று இரண்டு உண்டு. பிளான் ஒன்னில் இடிஆரே கிடையாது, நல்ல ஆன்டிவைரஸும் சில தடுப்பு விதிகளும்தான். "எங்களிடம் டிஃபெண்டர் இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்கும் பல இடங்களில் இருப்பது இந்த பிளான் ஒன்தான். பிளான் டூ உண்மையிலேயே பலமானது: ஒவ்வொரு மெஷினின் டைம்லைனும் ஆறு மாதம் வரை இருக்கும், கேக்யூஎல் மொழியில் கேள்வி எழுதி 30 நாள் தரவில் தேடலாம். கேக்யூஎல் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது, கற்ற பிறகு வேறு கன்சோலில் தேடவே மனம் வரவில்லை. முந்நூறு பேர் வரையுள்ள நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்திலேயே டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் வந்துவிடுகிறது. அதில் இடிஆர் உண்டு, அந்தக் கேக்யூஎல் தேடல் இல்லை, சர்வர்களுக்குத் தனியாகப் பணம். இதற்கு ஏற்கெனவே மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தால், வேறு எதையும் ட்ரயல் பார்க்கும் முன் இதை முழுதாக ஆன் செய்து, பாதுகாப்பை யாரும் அணைக்காமல் காக்கும் டேம்பர் ப்ரொடெக்‌ஷனையும் தடுப்பு விதிகளையும் இறுக்கிப் பாருங்கள். கையில் இருப்பதைத் திறக்காமலே வெளியே தேடுவது வீண்.

ஃபால்கனைப் பற்றிப் பேசும்போது 2024 ஜூலை 19 வந்தே தீரும். அன்று போன ஒரு உள்ளடக்க அப்டேட், சேனல் ஃபைல் 291, சென்சார் (ஃபால்கனின் ஏஜென்ட்) எதிர்பார்த்த 20 உள்ளீடுகளுக்குப் பதில் 21-ஐ எதிர்பார்த்தது. இல்லாத அந்த ஒன்றைப் படிக்கப் போய், விண்டோஸின் மையமான கர்னலுக்குள் ஓடும் டிரைவர் என்பதால் விண்டோஸே விழுந்தது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அதற்குள் மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி 85 லட்சம் மெஷின்கள். நீலத் திரையில் நின்றவற்றில் பலவற்றைக் கையால் சேஃப் மோடில் ஏற்றி அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது, டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு 48 இலக்க பிட்லாக்கர் சாவி வேண்டும், அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் விழுந்த இடங்களில் பட்ட பாட்டை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. இதற்காக ஃபால்கனை ஒதுக்கச் சொல்கிறேனா என்றால் இல்லை. மூல காரணத்தை விவரமாக வெளியிட்டார்கள், உள்ளடக்க அப்டேட் எந்த மெஷின்களுக்கு எப்போது போகலாம் என்று வாடிக்கையாளரே தீர்மானிக்கும் வசதியையும் கொண்டுவந்தார்கள். ஏஜென்ட் மிக லேசானது, பழைய மெஷின்களிலும் யாரும் புகார் சொல்லவில்லை. கன்சோலில் இருந்தே தூர மெஷினுக்குள் கட்டளை ஓட்டலாம், மறைந்திருக்கும் தாக்குதல்களைத் தேடும் வேட்டைக்கென்று அவர்களிடமே ஓவர்வாட்ச் என்ற குழு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வசதியும் ஒரு மாட்யூல், ஒவ்வொரு மாட்யூலும் தனி வரி. கொட்டேஷனில் எது உண்டு, எது இல்லை என்று வரிவரியாக எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சோஃபோஸைச் சர்வரில் சோதித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அகிரா ரான்சம்வேர் கும்பலின் ஒரு தாக்குதலைப் பற்றி எஸ்-ஆர்எம் நிறுவனம் 2025-ல் வெளியிட்ட விவரத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தேன். அங்கே இடிஆர் சரியாகவே வேலை செய்தது, விண்டோஸ் சர்வரில் இறக்கிய ரான்சம்வேரைப் பிடித்து ஒதுக்கியும் விட்டது. அந்தக் கும்பலோ நெட்வொர்க்கைத் துழாவி, லினக்ஸில் ஓடும் ஒரு வெப்கேமைக் கண்டுபிடித்து, அதில் ஏறி உட்கார்ந்து, ஷேர் ஃபோல்டர்கள் வழியாகச் சர்வர் கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். கேமராவில் யார் இடிஆர் போடுவார்கள்? சோஃபோஸின் கிரிப்டோகார்டு இந்த வழியைக் கவனிக்கிறது. பூட்டும் ப்ராசஸ் வேறு மெஷினில் ஓடினாலும், தன் சர்வரில் கோப்புகள் வரிசையாக உருக்குலைவதைப் பார்த்து அந்த இணைப்பை வெட்டி, மாறிய கோப்புகளை மீட்டெடுக்கிறது. நான் ஏஜென்ட் இல்லாத ஒரு மெஷினில் இருந்து சோதனை ஃபோல்டரைப் பூட்ட ஆரம்பித்தேன், சில கோப்புகளோடு நின்றுவிட்டது, திரும்பிப் பார்த்தால் அவையும் பழைய வடிவில் இருந்தன. எதை வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

மைட்டர் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இந்த மென்பொருள்களைச் சோதிக்கும் அட்டாக் மதிப்பீடு பற்றி எல்லா விற்பனையாளரும் படம் காட்டுவார்கள், எல்லோருமே முதலிடம். மைட்டர் தரவரிசை எதுவும் கொடுப்பதில்லை, தரவை மட்டும்தான் வெளியிடுகிறது. 2024 சுற்றில்தான் தவறான அலர்ட்டுகளையும் அளக்க ஆரம்பித்தார்கள், அதைப் போய்ப் படியுங்கள், பயனுள்ளது. 2025 சுற்றுக்கு மைக்ரோசாஃப்ட், சென்டினல்ஒன், பாலோ ஆல்டோ மூன்றுமே வரவில்லை, அதனால் அந்த ஆண்டுப் படத்தை வைத்து இவற்றை ஒப்பிடவே முடியாது.

தவறான அலர்ட் என்றதும் இன்னொன்று. இந்த நான்குக்கும் முன்பு வேறு ஒரு தயாரிப்பைப் பார்த்தோம், பெயர் வேண்டாம். டெவலப்பர்களின் பில்ட் மெஷினில் புதிதாக உருவாகும் ஒவ்வொரு நிரலையும் அது சந்தேகப்பட்டது. ஆதரவுக் குழுவைக் கேட்டால், மொத்த ஃபோல்டரையும் எக்ஸ்க்ளூஷனில், அதாவது சோதிக்க வேண்டாம் என்ற பட்டியலில், போடுங்கள் என்றார்கள். போட்டோம், சத்தம் நின்றது. அடுத்த நாள் ஒரு சோதனை ஸ்கிரிப்ட்டை அதே ஃபோல்டரில் வைத்து ஓட்டினேன், ஒரு வார்த்தை பேசவில்லை. எக்ஸ்க்ளூஷன் என்பது நாமே சுவரில் போடும் ஓட்டை. தாக்க வருபவர்களும் இந்த ஃபோல்டர்களைத் தேடித்தான் வருகிறார்கள். அன்று மாலையே அந்தத் தயாரிப்பை எல்லா மெஷின்களில் இருந்தும் எடுத்துவிட்டோம்.

ஏஜென்ட்டை மெஷினில் இருந்து நீக்குவதற்குப் பாஸ்வேர்டு கேட்கிறதா, லோக்கல் அட்மின் உரிமை உள்ளவர் சர்வீஸை நிறுத்த முடிகிறதா என்றும் பாருங்கள். ஓட்டையுள்ள பழைய டிரைவரைக் கூடவே கொண்டுவந்து அதன் மூலம் இடிஆரைக் கொல்வது இப்போது ரான்சம்வேர் கும்பல்களின் வழக்கமான முதல் வேலை. ஏஜென்ட் திடீரென்று மௌனமானால் அதற்கும் ஒரு அலர்ட் வர வேண்டும்.

சரி, நாங்கள் எதை எடுத்தோம்? லேப்டாப்புகளுக்கும் சர்வர்களுக்கும் சென்டினல்ஒன், அதோடு நமக்குப் பதிலாக 24 மணி நேரமும் அலர்ட்டுகளைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் வெளியாட்களின் சேவை, எம்டிஆர். பணம் பற்றாக்குறை வந்தபோது மென்பொருளில் ஒரு படி குறைந்த தொகுப்பை எடுக்கலாமா, எம்டிஆரை விடலாமா என்று ஒரு வாரம் விவாதித்தோம். எம்டிஆரை விட நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் தற்செயலாக விழித்திருந்தேன், அவ்வளவுதான். இன்னொரு இரவு விழித்திருப்பேன் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒப்பந்தத்தில் ஒரு வரியை நாங்களே கேட்டுச் சேர்த்தோம்: எங்களைப் போனில் பிடிக்க முடியாவிட்டாலும் லேப்டாப்புகளை அவர்களே ஐசொலேட் செய்யலாம், சர்வர் என்றால் மட்டும் எங்களில் ஒருவர் குரலைக் கேட்ட பிறகு. சில சேவைகள் அலர்ட் மெயிலை நமக்கு அனுப்பிவிட்டு அதையே பதில் நடவடிக்கை என்று எழுதுகின்றன, அந்த வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஃபைல் சர்வர்தான் இன்னும் உறுத்துகிறது. வெப்கேம் போன்ற வழிக்கு சோஃபோஸ் காட்டிய அந்தத் தடுப்பு மனதில் நிற்கிறது. அதனால் கேமராக்கள், பிரிண்டர்கள், பழைய என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டி) எல்லாவற்றையும் தனி நெட்வொர்க்குக்கு மாற்றி, அங்கிருந்து ஷேர் ஃபோல்டருக்குப் போகும் வழியை ஃபயர்வாலில் மூடிக்கொண்டிருக்கிறோம். பாதி முடிந்திருக்கிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் அந்த ஒருவர், அன்றிலிருந்து ஏதாவது பெட்டி வந்தால் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் அடுத்த பொத்தானைத் தொடுகிறார்.