கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டிவி சத்தம்: கடை, மெக்கானிக், வயர்

விடுமுறையில் ஊருக்கு வரும் நாமெல்லாம் அப்பா அம்மாவுக்கு 43 இஞ்ச், 55 இஞ்ச் என்று டிவி வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அடுத்த வீடியோ காலிலேயே புகார் வரும்: "படம் ஜோரா இருக்குது சாமி, பேசறதுதான் ஒண்ணும் புரியல." ஒல்லி டிவியில் ஸ்பீக்கர் கீழே பார்த்து இருக்கும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் சேர்ந்து பேச்சைக் குழப்பிவிடும். பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டாரத்தில் இதைச் சரிசெய்ய என்ன சேவை கிடைக்கிறது, எதில் ஏமாறுவோம் என்பதற்காக இந்தக் குறிப்பு.

டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் வாங்க இரண்டு வழி: பாலக்காடு டவுன், இல்லையென்றால் கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோடு. சவுண்ட்பாரை ஓடவிட்டுக் கேட்டுப் பார்க்கக் கோவை வசதி. ஆனால் சர்வீஸ் புகார் பின்கோடைப் பார்த்துத்தான் பிரியும். வீடு 678ல் தொடங்கினால் ஆள் கேரளப் பக்கமிருந்து வருவார். டெலிவரியும் இன்ஸ்டலேஷனும் வேலந்தாவளம், வாளையாறு எல்லை தாண்டி உண்டா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கி வந்த பெட்டிக்குப் பெரும்பாலும் இங்கே வாரண்டி செல்லாது. அமெரிக்கா, கனடாவில் வாங்கியது 120 வோல்ட் மட்டும் என்றால் 230ல் செருகிய நொடியே புகைந்துவிடும். முதலில் பின்பக்க லேபிளைப் படியுங்கள்.

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 19 வோல்ட், 2 ஆம்ப் என்றிருந்தால் பெருக்கி 38 வாட். அதிலிருந்து தொடர்ந்து 300 வாட் வராது. வயதானவர்களுக்கு வாட்டைவிட நடு ஸ்பீக்கர் முக்கியம், வசனம் அதில்தான் வரும். பாரில் 2.1 என்று போட்டிருந்தால் அது கிடையாது, 3.1 என்றால் உண்டு. மேலே பார்த்துச் சத்தம் அனுப்பும் அட்மாஸ் பாருக்குத் தட்டையான கூரை வேண்டும். ஓட்டு வீட்டில் அந்தக் காசு வீண்.

பொருத்த வரும் பையன்கள் மரியாதையானவர்கள், நேரத்துக்கும் வருகிறார்கள். ஆனால் அவசரக்காரர்கள். "ப்ளூடூத்துல போட்டாச்சுங்க, வயரே வேண்டாங்க" என்று கிளம்பிவிடுவார்கள். ப்ளூடூத்தில் சத்தம் உதட்டசைவுக்குப் பின்னால் வரும். டிவியில் இருக்கும் ஆடியோ டிலே சத்தத்தை இன்னும் தள்ளிப்போடுமே தவிர முன்னால் இழுக்காது. அவர் வாசலைத் தாண்டும் முன் எச்டிஎம்ஐ வயரில் மாட்டச் சொல்லுங்கள். டிவியில் எல்லா எச்டிஎம்ஐ ஓட்டையும் ஆகாது, ஏஆர்சி (ARC) அல்லது இஏஆர்சி (eARC) என்று எழுதியதில்தான் செருக வேண்டும், டிவியின் சத்தம் பாருக்குப் போவது அதன் வழியேதான். டிவி ரிமோட்டே பாரையும் இயக்க, டிவி செட்டிங்கில் சிஇசியை (CEC) ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். பிறகு சவுண்ட் அவுட்புட்டை ஏஆர்சிக்கு மாற்றவும். சத்தம் வராவிட்டால் டிவி, பார் இரண்டையும் பிளக்கிலிருந்து கழற்றி ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். அப்புறமும் மௌனம் என்றால் டிஜிட்டல் ஆடியோவை பிசிஎம்மில் (PCM, சுருக்காத சாதாச் சத்தம்) வைத்துப் பாருங்கள். ஏஆர்சியின் பெரிய லாபம், டிவி ரிமோட் ஒன்றே போதும்.

ஆனாலும் இந்த ஊருக்கு நான் ஆப்டிகல் வயரைத்தான் சொல்வேன். காரணம் இடி. சித்திரை வைகாசியிலும் ஐப்பசித் துலாவர்ஷத்திலும் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும். கூரை மேல் வரும் கேபிள் அல்லது டிஷ் வயரில் ஏறும் மின்சாரம் செட்டாப் பாக்ஸுக்குள் நுழைந்து, எச்டிஎம்ஐ வழியே டிவிக்கும், அங்கிருந்து ஏஆர்சி வழியே சவுண்ட்பாருக்கும் போகும். டிவியில் எச்டிஎம்ஐ போர்ட் கருகினால் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள். ஆப்டிகலில் வெளிச்சம் மட்டும்தான் போகிறது, செம்பு இல்லை. அதனால் அந்தக் கடைசிக் கண்ணி அறுந்துவிடுகிறது. பிளக் வழியாக வருவதை அது தடுக்காது. மேகம் கறுக்கும்போதே பிளக்கையும் டிஷ் வயரையும் பிடுங்கிவிடச் சொல்லுங்கள், இடி தொடங்கியபின் தொடக்கூடாது. ஆப்டிகலின் குறை, ரிமோட் இரண்டாகும். டிவி ரிமோட்டின் வால்யூம் பட்டனைக் கற்றுக்கொள்ளும் பார்களும் உண்டு, வாங்கும்போதே கேளுங்கள். வயர் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் செருகிவிட்டு, பார் கெட்டுவிட்டது என்று புகார் பதிகிறவர்கள் நிறைய.

வீட்டில் பழைய அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சியிலும் 4440 ஐசி (சத்தத்தைப் பெருக்கும் சில்லு) போர்டைக் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்யும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பக்க ஸ்பீக்கருக்கு 6 வாட்தான், ஆனால் ஒரு ஹாலில் செய்தி கேட்க அது தாராளம். டிவியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து நேராக இழுத்தால் உறுமல் வரலாம். அப்போது செட்டாப் பாக்ஸிலிருந்து டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் குற்றம் ஆம்ப்ளிஃபயரில் இல்லை, எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. எர்த் பின்னை ஒடித்து உறுமலை நிறுத்தும் வைத்தியம் ஒன்று உண்டு. அது உயிருக்கு ஆபத்து, செய்ய விடவே விடாதீர்கள். அதற்குப் பதில், ஆப்டிகலை ஆடியோவாக மாற்றும் டிஏசி (DAC) பெட்டி ஒன்று போதும். 5 வோல்ட்டில் ஓடும், டிவியை மட்டும் பிசிஎம்மில் வைக்க வேண்டும். டால்பியில் விட்டால் சத்தமே வராது, அல்லது சீறும்.

கரண்ட் போனபோது மட்டும் உறுமினால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்ளிஃபயர் அப்படித்தான் முனகும், சைன் வேவ் வேண்டும்.

வீட்டுக்கு வயரிங் நடக்கிற சமயம் என்றால், டிவிக்குப் பின்னால் ஒன்றரை இஞ்ச் பைப் பதிக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் வழக்கமாக வைக்கும் முக்கால் இஞ்ச் பைப்பின் வளைவில் எச்டிஎம்ஐயின் தலை நுழையாது. ஆப்டிகல் நுழையும், ஆனால் மடங்கினால் உள்ளே முறிந்துவிடும். வளைவை அகலமாக விடச் சொல்லுங்கள்.