காதில் பத்து வருடம், கையில் ஐந்தாவது செயலி: என் பாட்காஸ்ட் அனுபவம்

கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 2015 கடைசியில் இந்த வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தபோதுதான் பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் வரும் ஒலி நிகழ்ச்சிகளைக் கேட்கும் பழக்கம் வந்தது. காலை வண்டியில் உட்கார இடம் கிடைக்காது, நின்றபடி புத்தகம் விரிக்கவும் முடியாது. காது மட்டும்தான் சும்மா இருந்தது.

எல்லாரையும் போல நானும் 'சீரியல்' கேட்டுத்தான் விழுந்தேன். 2014 அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கியது, சாரா கோனிக் என்ற பத்திரிகையாளர் 1999இல் நடந்த ஒரு கொலை வழக்கை வாராவாரம் தோண்டிக்கொண்டே போவார். "சீரியல் கேட்கிறேன்" என்றதும் அம்மா "எந்த டிவில?" என்று கேட்டாள். விளக்கியதும் அப்பா, "ஓ, ஒலிச்சித்திரமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோவில் படத்தை வசனமாகவே கேட்டு வளர்ந்தவருக்கு இதில் புதிதாக எதுவும் தெரியவில்லை.

தமிழில் வலையொலி என்றொரு நல்ல சொல் இருக்கிறது. நான் உட்பட யாரும் பேச்சில் அதைப் பயன்படுத்துவதில்லை. 2004இல் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி, பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாடையும் ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட்டையும் ஒட்டுப்போட்டு எழுதிய பாட்காஸ்ட் என்ற சொல்தான் இன்றும் ஓடுகிறது. ஐபாட் தயாரிப்பையே ஆப்பிள் 2022இல் நிறுத்திவிட்டது.

சரி, செயலிகளுக்கு வருகிறேன். பத்து வருடத்தில் நான் மாறியதெல்லாம் ஆசைப்பட்டு மாறியதில்லை. ஒன்று கடையை மூடியது. இன்னொன்று திடீரென்று கணக்குத் தொடங்கச் சொன்னது. மூன்றாவது, நான்கு எபிசோடுக்கு ஒருமுறை முழுத்திரை விளம்பரம் காட்டியது. பெயர்கள் வேண்டாம், அவரவர் பிழைப்பு. பெரிய நிறுவனமென்றால் நிலைக்கும் என்று நம்பவும் வழியில்லை. ஸ்டிச்சர் என்ற பாட்காஸ்ட் செயலி 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது, மறு வருடமே கூகுள் பாட்காஸ்ட்ஸும் போனது.

ஆனாலும் ஒவ்வொரு முறையும் வீடு மாற அரை மணி நேரம்தான் ஆனது. பழைய செயலியில் ஓபிஎம்எல் என்றொரு கோப்பை ஏற்றுமதி செய்து புதியதில் இறக்கினால் போதும், நான் தொடரும் நிகழ்ச்சிகள் அத்தனையும் வந்து உட்கார்ந்துவிடும். (எந்த எபிசோடில் எத்தனையாவது நிமிடத்தில் விட்டேன் என்பது மட்டும் வராது. ஐந்து மணி நேர எபிசோடுக்கு நடுவில் மாறி ஒருமுறை அவஸ்தைப்பட்டேன்.) காரணம் ஆர்எஸ்எஸ்: ஒரு நிகழ்ச்சியின் எபிசோடுகளைப் பட்டியலிட்டு 'ஃபீட்' என்ற கோப்பாக இணையத்தில் வைக்கும் பொதுவான முறை. ஒரு நாள் ஆர்வத்தில் ஒரு நிகழ்ச்சியின் ஃபீடை பிரவுசரில் திறந்து பார்த்தேன். வெறும் எழுத்துக் கோப்பு: தலைப்பு, தேதி, நாலு வரி விவரம், எம்பி3 கோப்பு இருக்கும் முகவரி. அவ்வளவுதான். இந்தக் கோப்பை எந்தச் செயலியும் படிக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்போது ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் வைத்திருக்கிறேன். திறமூலச் செயலி (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), விளம்பரம் கிடையாது, கணக்கு தொடங்க வேண்டியதில்லை. ஐபோனுக்கு இல்லை என்பது ஒரு குறை. முதலில் வேகத்தை 1.5இல் வைத்து, மௌனத்தை வெட்டும் வசதியையும் போட்டுத்தான் கேட்பேன். ஏதோ மிச்சம் பிடிக்கிற ஆசை. ஒரு தமிழ்ப் பேராசிரியரின் உரையில் அதன் லட்சணம் தெரிந்தது. அவர் ஒரு வரி சொல்லிவிட்டு, கூட்டம் சிரிக்கட்டும் என்று நிறுத்துகிறார். செயலி அந்த நிறுத்தத்தையும் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் பாய்கிறது. தமிழுக்கு மட்டும் இரண்டையும் அணைத்துவிட்டேன்.

தமிழ் நிகழ்ச்சிகளைத் தேடுவது எந்தச் செயலியிலும் இன்றுவரை தலைவலிதான். பாதிப் பேர் தலைப்பை ஆங்கில எழுத்தில் வைக்கிறார்கள். 'கதை' என்ற ஒரு சொல்லுக்கே ஆங்கில எழுத்தில் 'kathai' என்று ஒருமுறை, 'kadhai' என்று ஒருமுறை, கடைசியில் தமிழிலேயே ஒருமுறை என்று தேடவேண்டும். மூன்றுக்கும் வெவ்வேறு பட்டியல் வரும். ஆப்பிள் 2024 மார்ச்சில் பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதியைக் கொடுத்தது, தொடங்கும்போது ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன் ஆகிய நாலு மொழிகளுக்குத்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு காலத்தில் என் போனில் கேட்காத எபிசோடுகள் நூற்று நாற்பது கிடந்தன. தானாக இறங்கிக்கொண்டே இருக்கும், நான் தொடவே மாட்டேன். உலகம் முழுக்க இதே கதை என்பது 2023இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17 வந்தபோது தெரிந்தது. கேட்காமல் விட்டுவிட்ட நிகழ்ச்சிகளைத் தானாக இறக்குவதை ஆப்பிள் குறைத்ததும் பல பெரிய நிகழ்ச்சிகளின் பதிவிறக்கக் கணக்கு இறங்கியது. அதற்கப்புறம் 'இத்தனை லட்சம் டவுன்லோடு' என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த நூற்று நாற்பதுதான் ஞாபகம் வருகிறது.

பணம் புழங்கும் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பாட்டிஃபை 2019இல் பாட்காஸ்ட் தயாரிக்கும் கிம்லெட், பாட்காஸ்ட் பதிவுசெய்து வெளியிட உதவும் ஆங்கர் இரண்டையும் வாங்கியது, 2020இல் அமெரிக்காவின் பிரபல பாட்காஸ்ட்காரர் ஜோ ரோகனைத் தன்னிடம் மட்டும் வைத்துக்கொண்டது. 2024இல் அவரை மற்ற தளங்களுக்கும் திறந்துவிட்டது. பூட்டுப்போட்டுப் பார்த்து, பூட்டு சரிவராமல் திறந்த கதை என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

எனக்கு இப்போது பயம் பூட்டைப் பற்றியதில்லை, படத்தைப் பற்றியது. மாதம் நூறு கோடிப் பேர் தன்னிடம் பாட்காஸ்ட் பார்ப்பதாக யூடியூப் 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அதே வருடம் அக்டோபரில் ஸ்பாட்டிஃபையும் நெட்ஃபிளிக்ஸும் வீடியோ பாட்காஸ்ட்டுக்காகக் கைகோத்தன. நம்மூரில் பாட்காஸ்ட் என்றாலே சோபாவில் எதிரெதிரே இரண்டு பேர், முகத்துக்கு நேரே பெரிய மைக், பின்னால் நீல விளக்கு என்று ஆகிவிட்டது. மொபைல் டேட்டா இவ்வளவு மலிவான ஊரில் அது நடக்கத்தான் செய்யும். பேச்சுக்குப் போதுமான 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் 30 எம்பிக்குள் அடங்கும், வீடியோ அதைப்போலப் பல மடங்கு. 16 ஜிபி போனில் எம்பி எண்ணிக்கொண்டிருந்தவனுக்குத்தான் அது உறுத்துகிறது.

பிரச்சினை டேட்டாவோடு நிற்கவில்லை. போன மாதம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு தமிழ் வரலாற்று உரையாடல் கேட்டேன். நல்ல பேச்சு. நடுவில் விருந்தினர், "இந்தக் கல்வெட்ல மூணாவது வரியப் பாருங்க, தெரியுதா?" என்கிறார். பேட்டி எடுப்பவரும் "அடேங்கப்பா!" என்கிறார். எனக்கு இரண்டு கையிலும் சோப்பு நுரை. அந்த மூன்றாவது வரியில் என்ன இருந்தது என்று கடைசிவரை இருவரும் சொல்லவில்லை. இதே பேச்சு வானொலியில் வந்திருந்தால் அந்த வரியை வாய்விட்டுப் படித்திருப்பார்கள். அம்மா வேறு வழி கண்டுபிடித்திருக்கிறாள். திரையை அணைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது என்பதால் போனை அப்படியே சமையல் மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய்கிறாள். பேட்டரி மத்தியானமே போய்விடும்.

கணினியே இரண்டு குரலில் பேசும் பாட்காஸ்ட்டும் வந்தாகிவிட்டது. தமிழில் ஒன்று கேட்டேன். உச்சரிப்பு பரவாயில்லை, ஆனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இவ்வளவு ஆமோதிக்கும் உரையாடலை எங்கள் ரயில் பெட்டியில் நான் கேட்டதில்லை.

என் பட்டியலில் இன்று 46 நிகழ்ச்சிகள். அதில் பதினொன்று மூச்சை நிறுத்தி வருடக்கணக்காகிறது. நீக்கவில்லை, ஒரு ஃபீட் சும்மா கிடப்பதில் எனக்கென்ன நஷ்டம். மூன்று வாரத்துக்கு முன் தாம்பரம் தாண்டும்போது அந்தப் பதினொன்றில் ஒன்று, 2019க்குப் பிறகு குரலே கொடுக்காத ஒரு தமிழ் நிகழ்ச்சி, பட்டியலில் மேலே ஏறி நின்றது. புது எபிசோடு. அதே குரல், பின்னால் அதே மின்விசிறிச் சத்தம். "கொஞ்சம் இடைவெளி ஆயிடுச்சு" என்று ஆரம்பித்தார்.