வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா: காலைநேரக் கார்டியோ குறித்து ஓர் ஒப்பீடு

காலையில் எழுந்ததும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஓட்டம், வேகநடை போன்ற கார்டியோ பயிற்சிக்கு (இதயத் துடிப்பை உயர்த்தும் பயிற்சி) கிளம்புகிறவர்கள், அப்போதுதான் உடல் கொழுப்பைத் தொடும் என்று உறுதியாக நம்புகிறார்கள். ஏதேனும் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்கிறவர்களோ, வெறும் வயிற்றில் ஓடினால் கரைவது கொழுப்பல்ல, தசைதான் என்று அஞ்சுகிறார்கள். இந்த நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் உடலியலில் ஓரளவு அடிப்படை இருக்கிறது. ஆனால் இரண்டுமே உண்மையான அளவைவிடப் பன்மடங்கு பெரிதாக்கப்பட்டவை.

முதலில் கொழுப்பை எடுத்துக்கொள்வோம். இரவு முழுவதும் உண்ணாமல் இருக்கும்போது, கல்லீரலில் சேமிக்கப்பட்டிருக்கும் ஏறத்தாழ 100 கிராம் கிளைகோஜனில் (உடல் சேமித்துவைக்கும் சர்க்கரை) பெரும்பகுதி இரத்தச் சர்க்கரையை நிலைநிறுத்துவதற்காகச் செலவாகிவிடுகிறது. தசைகளில் இருக்கும் 400 கிராம் அளவிலான கிளைகோஜன் பெரும்பாலும் அப்படியே இருக்கும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'காலையில் உடலில் சர்க்கரையே இருக்காது' என்ற தவறான பேச்சு பரவலாக இருக்கிறது. இன்சுலின் தாழ்ந்திருப்பதால் கொழுப்புத் திசுக்களிலிருந்து கொழுப்பு அமிலங்கள் தடையின்றி வெளிவருகின்றன. மிதமான வேகத்தில் நடந்தாலோ ஓடினாலோ அவையே முதன்மை எரிபொருளாகின்றன. சாப்பிட்ட பிறகு இன்சுலின் உயர்ந்திருக்கும்போது இந்த வெளியேற்றம் தடைபடுகிறது. இதுவரை வெறும் வயிற்றுத் தரப்பின் வாதம் சரியே.

வேறுபாட்டின் அளவைப் பார்த்தால்தான் நிலைமை புரிகிறது. 27 ஆய்வுகளை ஒன்றிணைத்து 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வெறும் வயிற்றில் செய்யும் பயிற்சியின்போது எரியும் கொழுப்பு ஏறத்தாழ 3 கிராம் மட்டுமே அதிகம் என்று கண்டது. 3 கிராம் கொழுப்பு என்றால் 27 கலோரி. ஒரு மாதம் நாள் தவறாமல் ஓடினாலும் கணக்குப்படி 90 கிராம்தான் வரும். அதுவும் முழுமையாகக் கைக்குக் கிடைப்பதில்லை. பயிற்சியின்போது கொழுப்பை அதிகம் எரித்த உடல், பிறகு உண்ணும் உணவைக் கொண்டு அந்த இழப்பை ஈடுசெய்துகொள்கிறது. 2011-இல் இளைஞர்களிடம் நடந்த ஒரு சிறிய இத்தாலிய ஆய்வில், அடுத்த 24 மணி நேரத்தில் கொழுப்பை அதிகமாகப் பயன்படுத்தியவர்கள் சாப்பிட்டுவிட்டு ஓடியவர்களே. உடற்கொழுப்பு குறைகிறதா இல்லையா என்பதை ஒரு மணி நேரப் பயிற்சியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது; நாள் முழுவதும், வாரம் முழுவதும் உடல் செலவிடுவதையும் உட்கொள்வதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்தது அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. இருபது இளம்பெண்கள் நான்கு வாரங்களுக்கு, வாரத்தில் மூன்று நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் சீரான வேகத்தில் கார்டியோ செய்தனர். எல்லோருக்கும் கலோரி குறைந்த உணவுத்திட்டம். எல்லோருக்கும் ஒரே சத்துபானம். ஒரு குழு அதைப் பயிற்சிக்கு முன்பும் மற்றொரு குழு பயிற்சி முடிந்த உடனேயும் குடித்தது என்பது மட்டுமே வேறுபாடு. இரு குழுவினருக்கும் எடையும் கொழுப்பும் குறைந்தன. எந்தக் குழுவுக்கும் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை, தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடையிலும் வேறுபாடு இல்லை. ஆய்வு சிறியது, காலமும் குறைவு. ஆயினும் மேலே பார்த்த 27 கலோரிக் கணக்கோடு அது முற்றிலும் ஒத்துப்போகிறது.

அப்படியானால் வெறும் வயிற்றுப் பயிற்சிக்குத் தனிச்சிறப்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் பலரும் தேடும் இடத்தில் இல்லை. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிக எடையுள்ள ஆண்களை ஆறு வாரங்கள் சைக்கிள் மிதிக்க வைத்து 2019-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, காலை உணவுக்கு முன் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது ஏறத்தாழ இரு மடங்கு கொழுப்பைப் பயன்படுத்தினர். உணவுக்குப் பின் அவர்கள் உடலில் இன்சுலினின் அளவு முன்போல உயராமல் குறைந்தது, அதாவது இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை மேம்பட்டது. எடைக் குறைவு மட்டும் இரு குழுவிலும் ஒன்றே. இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) குறித்துக் கவலைப்படுகிறவருக்கு இது எடையைவிட மதிப்புள்ள செய்தி என்றே நான் கருதுகிறேன். எடைபார்க்கும் கருவியில் தெரியாத இந்தப் பலனைச் சொல்லாமல், கூடுதலாகக் கிடைக்காத கொழுப்புக் குறைவைச் சொல்லியே இந்த முறை பரப்பப்படுவது வருத்தத்துக்குரியது.

தசை இழப்பு பற்றிய அச்சத்துக்கு அடிக்கடி சான்றாகக் காட்டப்படுவது 1980-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று. கிளைகோஜன் நிறைந்த நிலையில் ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தேவையான ஆற்றலில் 4.4 விழுக்காடும், கிளைகோஜன் தீர்ந்த நிலையில் 10.4 விழுக்காடும் புரதத்திலிருந்து வந்ததாக அது மதிப்பிட்டது. எண்கள் அச்சமூட்டுகின்றன என்றாலும், அங்கே கிளைகோஜன் திட்டமிட்டு வற்றவைக்கப்பட்டிருந்தது. ஓர் இரவு உண்ணாமலிருப்பது அந்த நிலைக்குக் கொண்டுபோய் விடாது. மேலும் பயிற்சியின்போது சிதையும் புரதத்தை அதற்குப் பின் வரும் உணவு ஈடுசெய்ய முடியும். தசையைக் காப்பவை, எடைதூக்கும் பயிற்சியும், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் அளவிலான புரதமும், கலோரியை அளவோடு குறைப்பதுமே. இவை மூன்றும் சரியாக இருப்பவருக்கு நாற்பது நிமிட வேகநடையால் தசை போய்விடாது. இவை இல்லாதவர் சாப்பிட்டுவிட்டு ஓடினாலும் தசையை இழக்கக்கூடும். ஏற்கெனவே கொழுப்பு மிகக் குறைந்து, கடுமையான உணவுக் கட்டுப்பாட்டிலும் இருக்கிறவர் மட்டும் இதில் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பது நல்லது.

சாப்பிட்டுவிட்டுச் செய்வதன் உண்மையான வலிமை பயிற்சியின் தரத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் முன்கூட்டிய உணவு செயல்திறனைக் கூட்டுகிறது. குறுகிய பயிற்சியில் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிவதில்லை. இடைவெளி விட்டு விட்டு முழுவேகத்தில் ஓடும் பயிற்சிக்குத் தசையிலுள்ள கிளைகோஜனே முக்கிய எரிபொருள்; அது இரவில் பெரிதாகக் குறைவதில்லை என்றாலும், வெறும் வயிற்றில் நான்காவது, ஐந்தாவது சுற்றிலேயே கால் கனத்து வேகம் தளர்வதைப் பலரும் உணர்கிறார்கள். அப்படித் தளர்ந்து இரண்டு சுற்றுகளை விட்டுவிட்டால், கூடுதலாக எரித்ததாக எண்ணிய 27 கலோரி அங்கேயே போய்விடும்.

இரண்டுக்கும் நடுவே, பயிற்சிக்கு முன் இருபது கிராம் அளவுக்குப் புரதம் மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. வயிறு கனக்காது, தசைக்கு வேண்டிய அமினோ அமிலங்களும் கிடைக்கும். காலையில் முழு உணவு இறங்காது, ஆனால் தசை குறித்த கவலையும் விடாது என்பவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். சர்க்கரையும் பாலும் சேர்க்காத காபி குடித்துவிட்டுக் கிளம்புவதிலும் தடையில்லை.

இன்சுலின் ஊசியோ, கணையத்தை அதிக இன்சுலின் சுரக்கச் செய்யும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்கு மட்டும் இதை விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது. அவர்களுக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழும் ஆபத்து உண்டு என்பதால், மருந்தின் அளவையும் பயிற்சி நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்த பிறகே வெறும் வயிற்றில் தொடங்க வேண்டும். கருவுற்றிருப்பவர்களும், காலையில் எழுந்ததும் தலைசுற்றல் வருகிறவர்களும் சாப்பிட்டுவிட்டுச் செய்வதே சரி.