650 அடி போர்வெல்லுக்கு சைன் ஃபில்டர்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்தது

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்து போரில் 7.5 எச்பி மோட்டார் 650 அடியில் தொங்குகிறது. மோட்டார் ரூம் அங்கிருந்து 60 அடி. ஆக, டிரைவுக்கும் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) மோட்டாருக்கும் நடுவே ஒயர் மட்டும் 216 மீட்டர். டிரைவ் வாங்கும்போது இந்தக் கணக்கை விற்றவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சாதா ஸ்டார்டரில் ஆறு வருடம் ஓடிய மோட்டார். தண்ணீர் குறைந்ததால் 42 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓட்டலாம் என்று டிரைவ் போட்டேன். அடுத்த 14 மாதத்தில் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயில் இரண்டு தடவை பழுதாகிப் போனது. இரண்டாம் தடவை வைண்டிங் கடைக்காரர் பிரித்துக் காட்டினார். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, ஒயர் உள்ளே நுழையும் முதல் சில சுற்றில் மட்டும் ஊசி குத்தினாற்போல் ஓட்டை. "இது ஓவர்லோடு இல்லீங்கண்ணா, டிரைவ் பண்ற வேலை" என்றார்.

அப்புறம்தான் மேனுவலை எடுத்தேன். 415 வோல்ட்டை டிரைவ் முதலில் 585 வோல்ட் டிசியாக்கி, அதை நொடிக்குப் பல ஆயிரம் துண்டாக வெட்டி அனுப்புகிறது. நீள ஒயரில் போகும் ஒவ்வொரு துண்டும் மோட்டாரில் மோதித் திரும்பும்போது, அந்த முனையில் வோல்டேஜ் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. 1,100ஐத் தாண்டும் அந்த அடியை வாங்குவது முதல் சுற்றுகள்தான். நொடிக்கு இப்படி எத்தனை அடி விழுகிறது என்பதுதான் கேரியர் ஃப்ரீக்வென்சி. என் டிரைவுக்கு 50 மீட்டர் வரை 15 கிலோஹெர்ட்ஸ், 100 வரை 5, அதற்கு மேல் 2 என்று அட்டவணையே போட்டிருக்கிறது. மாட்டியவர் வைத்துவிட்டுப் போனது 8. கீச்சென்ற சத்தம் வராதாம். 650 அடி ஆழத்தில் கீச்சிட்டால் யார் காதில் விழப்போகிறது?

2க்கு இறக்கியதும் அடிக்கடி வந்த எர்த் ஃபால்ட் டிரிப் (கரண்ட் எர்த்தில் கசிகிறது என்று டிரைவ் தானாக அணைவது) நின்றது. ஆனால் அடிகளின் எண்ணிக்கை குறைந்ததே தவிர உயரம் குறையவில்லை. வெறும் சோக் (அடியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் காயில்) போதும் என்றார் எலக்ட்ரீஷியன். 216 மீட்டருக்கு அதை நம்ப மனம் வரவில்லை. டிரைவ் அனுப்பும் துண்டுகளைச் சீரான அலையாக்கித் தரும் இந்த சைன் ஃபில்டரை 24,000 ரூபாய்க்கு வாங்கினேன். மோட்டாரை ஒரு தடவை மேலே எடுத்து, காயில் கட்டி இறக்கிய செலவை விட இது குறைவு.

தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும். முதல் நாளே தொட முடியாத சூடு, லாரி இன்ஜின் போல உறுமல். கடைக்குப் போன் செய்தால், "கேரியர் எவ்வளவு வச்சிருக்கீங்க? 4க்குக் கீழ போகக் கூடாதுங்களே" என்கிறார். டிரைவ் மேனுவல் 2ஐத் தாண்டாதே என்கிறது, இவர் 4க்குக் குறையாதே என்கிறார்! கேட்டதில் விஷயம் புரிந்தது. அந்த அட்டவணை ஃபில்டர் இல்லாத ஒயருக்கு. துண்டுகளை ஃபில்டரே அலையாக்கிவிடுவதால் இனி அதன் கணக்குதான் செல்லும். 4 வைத்து, கேரியரைத் தானாக மாற்றும் வசதியையும் அணைத்தேன். உறுமல் அடங்கியது.

முன்பு மல்டிமீட்டரில் தாறுமாறாகக் காட்டிய வோல்டேஜ் இப்போது நிலையாக நிற்கிறது. ஆனால் 42 ஹெர்ட்ஸில் 350 வர வேண்டிய இடத்தில் 335தான். அதை டிரைவில் கொஞ்சம் ஏற்றிச் சரிக்கட்டினேன். பேனலுக்குள் தனியாக ஒரு ஃபேன் போட வேண்டி வந்தது, அது என் கைச்செலவு.

எட்டு மாதமாகக் காயில் நிற்கிறது. இன்சுலேஷனை அளக்கும் மெக்கரில் (டிரைவைக் கழற்றிவிட்டுத்தான்) ரீடிங் இறங்கவில்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த 4 கிலோஹெர்ட்ஸ் விஷயத்தைப் பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன். உள்ளே கிடந்த துண்டுச் சீட்டில் அதைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.