நாயோடு ஆங்கிலக் கால்வாயைக் கடப்பது: சுரங்க ரயிலா, டோவர் ஃபெரியா, இரவுக் கப்பலா?

பிரிட்டனிலிருந்து நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கணக்குகளைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்: கட்டணம் எவ்வளவு, கடக்க எவ்வளவு நேரம் ஆகும். இரண்டும் தேவையான கணக்குகளே. ஆனால் அவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடலைக் கடக்கும் நேரம் முழுவதும் நாய் எங்கே இருக்கும், அதன் பக்கத்தில் யார் இருப்பார்கள்? இந்தக் கேள்விக்குச் சுரங்க ரயிலும், டோவர் ஃபெரியும், வடகடலின் இரவுக் கப்பல்களும், ஸ்பெயினுக்கான நெடும்பயணக் கப்பலும் தரும் பதில்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல இயலாது. எந்த நாய்க்கு எது ஒத்துவரும் என்று சொல்லலாம்.

ஆவணங்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 2000-ஆம் ஆண்டுவரை வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்குள் வரும் நாய் ஆறு மாதம் தனிமைக் காவலில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் தொடங்கிய செல்லப்பிராணிப் பயணத் திட்டம்தான் விடுமுறைக்கு நாயையும் உடன் அழைத்துப் போகும் பழக்கத்துக்கு வழி திறந்தது. பின்னர் வந்த ஐரோப்பியச் செல்லப்பிராணி பாஸ்போர்ட்டால் வேலை இன்னும் எளிதாயிற்று. 2021 ஜனவரி முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் வழங்கப்பட்ட அந்தப் பாஸ்போர்ட்டுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்லாமல் போய்விட்டன. இப்போது நாய்க்குத் தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப் வேண்டும், ரேபிஸ் தடுப்பூசி வேண்டும், முதல் தடுப்பூசியாக இருந்தால் அதன்பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். இவற்றோடு ஒவ்வொரு பயணத்துக்கும் அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் தரும் உடல்நலச் சான்றிதழும் வேண்டும். அந்தச் சான்றிதழ் கையெழுத்தான 10 நாளுக்குள் ஒன்றியத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். அதற்கு மருத்துவமனைகள் பெரும்பாலும் 100 முதல் 250 பவுண்டு வரை வாங்குகின்றன. டிக்கெட்டில் 30 பவுண்டு மிச்சம் பிடிக்க மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவது வேடிக்கைதான். 2025 மே மாதம் லண்டனும் பிரஸ்ஸல்ஸும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின் பாஸ்போர்ட் முறை திரும்பும் என்ற பேச்சு வலுத்திருக்கிறது என்றாலும், பேச்சை நம்பிப் பயணம் வைக்க முடியாது. புறப்படுமுன் அரசின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே வழி.

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் இந்தச் சான்றிதழுக்கும் பலர் கவனிக்காத தொடர்பு ஒன்றிருக்கிறது. சான்றிதழ் ஆங்கிலத்தோடு, முதலில் கால் வைக்கும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். கலே வழியாகப் போவதென்றால் பிரெஞ்சு, ஹூக் ஆஃப் ஹாலந்து வழியாகப் போவதென்றால் டச்சு, சாந்தாந்தேர் வழியாகப் போவதென்றால் ஸ்பானிஷ். சான்றிதழ் வாங்கிய பிறகு, மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு நாட்டுத் துறைமுகத்துக்கு மாற்றிக்கொள்வது இதனால் கூடாது.

இனி வழிகளுக்கு வருவோம். 1994-இல் திறக்கப்பட்ட, 50 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள கால்வாய்ச் சுரங்கத்தில் ஃபோக்ஸ்டோனுக்கும் கலேக்கும் இடையே ஓடும் லே ஷட்டில் ரயில் 35 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. கார் ரயில்பெட்டிக்குள் ஏறுகிறது, மனிதர்கள் காரிலேயே அமர்ந்திருக்கிறார்கள், நாயும் தன் வழக்கமான இருக்கையில், தன் வழக்கமான போர்வையின் மேல் படுத்திருக்கிறது. அதைப் பொறுத்தவரை இது வெளிச்சம் குறைந்த, சற்றே அதிர்கிற ஒரு கார்ப் பயணம், அவ்வளவே. காற்றழுத்தம் மாறுவதால் சில நாய்கள் காதைச் சொறியும், தலையை உதறும். மென்று தின்ன ஏதாவது கொடுத்தால் சரியாகிவிடும். இடிக்கும் பட்டாசுக்கும் நடுங்குகிற நாய்க்கும், வயதான நாய்க்கும், தனித்து விட்டால் ஊளையிடுகிற நாய்க்கும் இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் முடிவு. புயல் காலத்தில் ஃபெரிகள் நிற்கும்போதும் ரயில் ஓடும் என்பது கூடுதல் ஆறுதல். குறை என்றால் விலைதான். பெரும்பாலான நாட்களில் டோவர் ஃபெரியைவிட இது அதிகம். காருக்கான கட்டணத்துக்கு மேல், ஒரு திசைக்கு ஒரு நாய்க்கு 20 பவுண்டுக்குக் குறையாத தனிக்கட்டணமும் உண்டு.

டோவரிலிருந்து கலேக்குக் கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் போகிறது; டன்கர்க்குக்கு இரண்டு மணி நேரம். காகிதத்தில் பார்த்தால் ரயிலுக்கும் இதற்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். நாயின் நிலையிலிருந்து பார்த்தால் வித்தியாசம் அதைவிடப் பெரிது, ஏனென்றால் இந்தக் குறுகிய தடத்தில் நாயை வைத்துக்கொள்ளும் வழக்கமான இடம் கீழே கார் தளத்தில் நிற்கும் கார்தான். கப்பல் கிளம்பியதும் பயணிகள் மேலே போய்விட வேண்டும், நடுவழியில் கீழே வந்து பார்க்க அனுமதி கிடையாது. கார் தளம் அமைதியான இடமும் அல்ல. எஞ்சினின் அதிர்வு தரைவழியே ஏறும், லாரிகளைக் கட்டிய சங்கிலிகள் இரும்பில் உரசும், டீசல் வாடை அடிக்கும், கப்பல் ஆட ஆட ஏதோ ஒரு காரின் திருட்டு எச்சரிக்கை மணி அலறத் தொடங்கி அது ஓயுமுன் அடுத்தது பிடித்துக்கொள்ளும். நாய் உள்ளே அசைந்தாலே நம் காரின் மணியும் அலறும் என்பதால் உட்புற உணரியை அணைத்துவிட்டு இறங்க வேண்டும். சன்னல்களைக் கொஞ்சம் இறக்கி, கவிழாத கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனால், தூங்குமூஞ்சி லாப்ரடார் ஒன்று கலே வரும்வரை கண் திறக்காமல் கிடக்கக்கூடும். எல்லா நாயும் அப்படி இருப்பதில்லை.

இதற்கு மாற்றாக பி அண்ட் ஓ நிறுவனம் டோவர்–கலே தடத்தில், கூடுதல் கட்டணத்துக்கு, நாயும் உரிமையாளரும் சேர்ந்து அமரும் தனி ஓய்வறையை வைத்திருக்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் பிற நாய்களோடு ஓர் அறையில் ஒன்றரை மணி நேரம் ஒத்துப்போகிற நாய்க்கே இது பயன்படும். அந்தக் கட்டணத்தையும் சேர்த்தால் ரயிலுக்கும் ஃபெரிக்கும் இருந்த விலை வித்தியாசம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அந்தந்தத் தேதிக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும். டோவர், ஃபோக்ஸ்டோன் இரண்டுக்கும் பொதுவான ஆபத்து வெயிலில் நிற்கும் வரிசை. 2022 ஜூலையில் பள்ளி விடுமுறை தொடங்கிய வார இறுதியில் இரண்டு இடங்களிலும் கார்கள் மணிக்கணக்கில் நின்றன. நாயோடு போகிறவர்கள் அந்த வார இறுதியைத் தவிர்த்து, விடியற்காலைப் பயணமாகப் பதிவு செய்வது உத்தமம்.

வடகடலைக் கடக்கும் கப்பல்கள் வேறு ரகம். ஹாரிச்சிலிருந்து ஹூக் ஆஃப் ஹாலந்துக்கு ஸ்டெனா லைன் இரவிலும் பகலிலும் ஓட்டுகிறது. நியூகாசிலுக்கு அருகிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் உள்ள ஐமெய்டனுக்கு டிஎஃப்டிஎஸ் கப்பல் மாலையில் கிளம்பி மறுநாள் காலையில் போய்ச் சேருகிறது, ஏறக்குறைய 16 மணி நேரம். இரண்டிலும் நாயோடு தங்கக்கூடிய கேபின்கள் உண்டு. ஸ்டெனா கப்பல்களில் கெனல் எனப்படும் நாய்க்கூண்டு அறையும் இருக்கிறது. அங்கே விட்ட நாயைக் கேபினில் உள்ள தொலைக்காட்சியில் கேமரா வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கலாம் என்பது மனிதருக்கு ஆறுதல், நாய்க்கு அதனால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. கேபின் கிடைத்தால் எடுப்பது, கிடைக்காவிட்டால் தேதியை மாற்றுவது என்பதே என் யோசனை. ஜெர்மனி, டென்மார்க், ஹாலந்து நோக்கிப் போகிறவர்களுக்கும், ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வசிப்பவர்களுக்கும் இந்த வழிகள் விலை பார்க்காமலே பொருந்தும். எடின்பரோவிலிருந்து ஃபோக்ஸ்டோன்வரை 700 கிலோமீட்டருக்கு மேல் நாயோடு காரை ஓட்டிக்கொண்டு போய், 35 நிமிடத்தில் கடந்தோம் என்று மகிழ்வதில் பொருள் இல்லை.

ஸ்பெயினுக்குப் போவதென்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கலேயில் இறங்கி பிரான்ஸை மேலிருந்து கீழாகக் கடந்தால் ஸ்பானிய எல்லைவரை 1,000 கிலோமீட்டருக்குக் குறையாது. சுங்கச்சாவடிக் கட்டணம், எரிபொருள், நாயை அனுமதிக்கும் விடுதியில் ஓரிரவு எல்லாம் சேரும். பிரிட்டனி ஃபெரிஸ் கப்பல் பிளிமத்திலிருந்து சாந்தாந்தேருக்குச் சுமார் 20 மணி நேரத்திலும், போர்ட்ஸ்மத்திலிருந்து 30 மணி நேரத்தை ஒட்டியும் போகிறது. நாய்க்கான கேபின் உண்டு, மேல்தளத்தில் நடக்கவிட இடம் உண்டு. பொது இடங்களில் நடத்திச் செல்லும்போது வாய்க்கூடு போட வேண்டும். எடைபோட வேண்டியவை இரண்டு. ஒன்று பிஸ்கே விரிகுடாவின் அலை: குளிர்காலத்தில் அது மனிதர்களையே படுக்க வைத்துவிடும், நாய்க்கு வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மற்றொன்று யாரும் விளம்பரத்தில் எழுதாத விஷயம்: புல்லில் மட்டுமே சிறுநீர் கழிக்கப் பழகிய நாய், உப்புக்காற்று வீசும் இரும்புத் தளத்தில் கால் தூக்க மறுத்துவிடும். ஒழுங்காக வளர்க்கப்பட்ட நாய்தான் அதிகம் அடக்கிக்கொள்ளும். வீட்டில் ஏற்கெனவே பயன்படுத்திய செயற்கைப் புல் விரிப்பின் துண்டு ஒன்றை எடுத்துப் போய் மேல்தளத்தின் மூலையில் விரித்துக் காட்டினால், தன் வாசனை கண்ட இடத்தில் நாய் இளகும். சிறுநீரை அடக்க முடியாத முதிய நாய்க்கும் சிறுநீரக நோயுள்ள நாய்க்கும் நான் சாலைவழியையே சொல்வேன். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்த அங்கே இடம் இருக்கிறது.

எந்த வழியானாலும் நேரக் கண்டிப்பு அதிகம் திரும்பும் பயணத்தில்தான். பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் முன்பாக, மருத்துவர் ஒருவர் நாடாப்புழு மருந்து கொடுத்து, தேதியும் நேரமும் சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும். அயர்லாந்து, நார்வே, பின்லாந்து, மால்டா ஆகிய நாடுகளிலிருந்து நேராக வருவோர்க்கு மட்டும் இதில் விலக்கு. ஸ்பெயினிலிருந்து கப்பலில் வருகிறவர்கள், கடலில் கழியும் 30 மணி நேரமும் அந்த 120-இல் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. கலேயிலிருந்து ரயிலில் வருகிறவருக்கு அந்த நெருக்கடி இல்லை. லண்டனில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பாரிஸுக்கோ ஜெர்மனிக்கோ கல்யாண வீட்டுக்கு வார இறுதியில் காரில் போய் வருவது சகஜம்; நாயையும் கொண்டுபோகிறவர்கள் வெளிநாட்டு மருத்துவரைத் தேடாமலே முடிக்க ஒரு வழி இருக்கிறது. வியாழன் மாலை 5 மணிக்கு உள்ளூர் மருத்துவரே மருந்தைக் கொடுத்து எழுதிவிட்டால், வெள்ளி மாலை 5 மணி முதல் செவ்வாய் மாலை 5 மணி வரை எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். செவ்வாய் மாலை தாண்டினால் அங்கே மறுபடி கொடுத்தாக வேண்டும்.

கலே ரயில் முனையத்தில் இந்தச் சோதனைக்கெனத் தனிக் கட்டடம் இருக்கிறது. ஊழியர் நாயைத் தொடுவதில்லை, கையடக்கக் கருவியை நம்மிடமே நீட்டுகிறார். அதைப் பிடரியிலிருந்து தோள்பட்டைகளுக்கு நடுவே மெல்ல நகர்த்த, ஒரு சிறு ஒலியோடு 15 இலக்க எண் திரையில் தெரிகிறது. சில நாய்களில் சிப் பக்கவாட்டில் நழுவித் தோளுக்கோ முன்காலின் மேற்பகுதிக்கோ போயிருக்கும். சான்றிதழ் வாங்கும் நாளிலேயே அது எங்கே இருக்கிறது என்று மருத்துவரிடம் காட்டச் சொல்லி வைத்துக்கொண்டால், பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சுக்கு ஆளாக வேண்டியதில்லை.

நாயின் இனமும் வழியைத் தீர்மானிக்கலாம். ஆபத்தான நாய்களை இரண்டு வகையாகப் பிரிக்கும் பிரான்ஸின் 1999 சட்டப்படி ராட்வைலர் இரண்டாம் வகையில் வருவதால் பொது இடத்தில் வாரும் வாய்க்கூடும் கட்டாயம். வம்சச் சான்று இல்லாத அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் வகை நாய்களை அந்நாட்டுக்குள் கொண்டுவரவே முடியாது. பிரிட்டனில் தெருவுக்கு ஒன்று காணப்படும் ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியருக்கு பிரான்ஸில் தடையில்லை, ஸ்பெயினிலோ அது ஆபத்தான நாய்களின் பட்டியலில் இருக்கிறது. ஸ்டாஃபி எனப்படும் இந்த நாயை வைத்திருப்பவர் கலே வழியாகவோ சாந்தாந்தேர் வழியாகவோ எப்படிப் போனாலும் ஸ்பெயினுக்குள் நுழைந்ததும் அந்த விதிகளுக்கு உட்பட வேண்டும். விடுமுறையைத் தென்பிரான்ஸோடு முடித்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

உணவு விஷயம் சுருக்கமானது. இறைச்சியோ பாலோ கலந்த நாய்த்தீவனத்தைப் பிரிட்டனிலிருந்து ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. மருத்துவக் காரணத்துக்கான சிறப்புத் தீவனத்துக்கு மட்டும் 2 கிலோ வரை சலுகை. தீவனம் மாறினால் வயிறு கெடும் நாய்க்கு, அங்கே கிடைக்கும் வகையொன்றைப் புறப்படுமுன்பே கலந்து பழக்கிக்கொள்ளலாம்.

நாய்க்கான கேபின்கள் எல்லாக் கப்பலிலும் எண்ணிக்கையில் குறைவு; கோடைக்கானவை மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஆகவே இரவுக் கப்பலை விரும்புகிறவர்கள் கேபினை முதலில் பிடித்துவிட்டு அதைச் சுற்றி விடுமுறையை அமைக்க வேண்டும். ரயிலில் அந்த நெருக்கடி குறைவு. கேபின் கிடைத்ததும் வாய்க்கூட்டுப் பழக்கத்தைத் தொடங்கிவிடலாம். கப்பல் ஏறும் நாளன்று முதன்முறையாக அதைப் பார்க்கும் நாய் படிக்கட்டிலேயே முன்காலால் பிய்க்கத் தொடங்கும். சில வாரங்களுக்கு முன்பிருந்தே தினமும் சில நிமிடம், அதனுள்ளே தின்பண்டம் வைத்து, மூக்கைத் தானாக நுழைக்கும்வரை பழக்கினால் போதும்.