ஸ்படிகப் பரிசுப்பெட்டிகள்: கல்லில் குறையில்லை, பெயரில்தான்

மெருகேற்றிய உருண்டைக் கற்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு வைத்து விற்கும் பெட்டிகளில் ஓபலைட், கோல்ட்ஸ்டோன், சிட்ரின், ஸ்மோக்கி டோபாஸ், டர்க்கெனைட், இந்தியன் ஜேட் ஆகியவை அடிக்கடி வரும். மெருகும் நிறமும் பெரும்பாலும் அருமை. சீட்டை நம்பினால்தான் ஏமாற்றம்.

இந்தப் பெட்டிகளில் வரும் ஓபலைட் ஓபல் அல்ல, வார்த்த கண்ணாடி. கருப்புத் துணிமேல் பால்நீலமாகத் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆரஞ்சு. கோல்ட்ஸ்டோனும் கண்ணாடியே. ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி மெல்ல ஆறவிடும்போது உள்ளே செம்பு சின்னச் சின்னப் படிகங்களாகப் பிரிகிறது. வெனிஸ் கண்ணாடிக் கலைஞர்களின் அழகான சாதனை அது. கண்ணாடி என்று சொல்லியே விற்கலாம்.

சிட்ரின், அதாவது மஞ்சள் குவார்ட்ஸ் (ஸ்படிகம்), சற்றுச் சிக்கலானது. மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி சுட்ட அமெதிஸ்ட் (ஊதாக் குவார்ட்ஸ்). சுமார் 470 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஊதா போய் மஞ்சளாகும். நுனியில் கருஞ்சிவந்த ஆரஞ்சு, அடியில் வெள்ளை என்றிருந்தால் சுட்டதாகவே கொள்ளலாம். இயற்கையானது பெரும்பாலும் வெளிர் மஞ்சள். சுட்டதையும் சிட்ரின் என்பது தவறில்லை, சுட்டதை மறைப்பது தவறு. அதையே ‘மதேரா டோபாஸ்’ என்றால் பச்சைப் பொய், டோபாஸ் வேறு கனிமம். ஸ்மோக்கி டோபாஸும் புகைநிறக் குவார்ட்ஸ்தான்.

வீட்டிலேயே பிரித்தறிய 0.1 கிராம் துல்லியமுள்ள தராசு போதும். கல்லை நிறுத்துக் குறியுங்கள். தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். கல்லின் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால், கல் தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்று தெரியும்: 26.5 கிராம் கல்லுக்கு 10 காட்டினால் 2.65, அது குவார்ட்ஸ். டோபாஸுக்கு 3.5 அளவில் வரும். இந்தியன் ஜேட் எனப்படும் பச்சை அவெஞ்சுரினும் குவார்ட்ஸ் வகையே, 2.65 அருகில்தான் நிற்கும். அசல் ஜேடின் இரு வகைகளில் ஜேடைட் 3.3, நெஃப்ரைட் 2.95. கல்லில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குக் குறைந்து வரும், துடைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். கண்ணாடி சுமார் 2.5 என்பதால் குவார்ட்ஸோடு குழம்பும். அங்கே 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைலென்ஸில்) உருண்டைக் குமிழ்களைத் தேடுங்கள்.

டர்க்கெனைட் என்பது டர்க்காய்ஸ் என்ற நீலக் கல்லைப் போலத் தெரிய நீலச் சாயமேற்றிய ஹௌலைட் அல்லது மேக்னசைட் என்னும் வெளிர்நிறக் கனிமம். பஞ்சில் அசிட்டோன் தொட்டு, மணியாக இருந்தால் துளையோரம், தேய்த்தால் நீலம் இறங்கலாம். மேலே பிசின் பூசியிருந்தால் இறங்காது, அதனால் சாயம் வராதது மட்டும் சான்றாகாது.

ரத்தினப் பெயருக்கு முன்னால் ஊரோ நிறமோ ஒட்டியிருந்தால் விசாரியுங்கள். ‘ஹெர்க்கிமர் டைமண்ட்’ குவார்ட்ஸ், ‘கேப் ரூபி’ கார்னெட், ‘சுவிஸ் லேப்பிஸ்’ சாயமேற்றிய ஜாஸ்பர். ஆனால் பர்மா ரூபி அசல் மாணிக்கம்தான், எல்லா அடைமொழியும் மோசடியில்லை. அமெரிக்க வணிக ஆணையம் 2018-இல் திருத்திய நகை வழிகாட்டியில் ‘பச்சை அமெதிஸ்ட்’, ‘மஞ்சள் எமரால்டு’ போன்ற பெயர்களைத் தவறாக வழிநடத்துபவை என்கிறது.

கல்லுக்கு 4 நட்சத்திரம், சீட்டுக்கு 1. கனிமப் பெயர் என்ன, சூடோ சாயமோ பூச்சோ உண்டா என்று கேட்டு, விடையை ரசீதில் எழுதித் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.