கடற்கரை ஊருக்கு எந்த ஸ்நூக்கர் கியூ: ஒற்றைத் துண்டா, முக்கால் ஜாயிண்டா?

ஏழு வருடமாக என் கையில் இருப்பது ஒரே கியூதான், அதாவது ஸ்நூக்கர் பந்தை அடிக்கும் கோல். ஆஷ் மரத் தண்டு, கருங்காலிப் பிடி, முக்கால் ஜாயிண்ட் (முக்கால் நீளத்தில் திருகிப் பிரிக்கலாம்), 58 அங்குல நீளம், 18 அவுன்ஸ் எடை. வாங்கும் முன் மற்ற வகைகளையும் ஆடிப் பார்த்தேன். வாங்கிய பின், கடலூர்க் காற்றும் புதுச்சேரிக் காற்றும் அவற்றை என்ன செய்கின்றன என்று நண்பர்களின் வீட்டில் பார்த்துவருகிறேன். அதனால் முக்கால் ஜாயிண்டின் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

கிளப்பில் சுவரோரம் நிற்கும் பொது ஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேற்று எடுத்தது இன்று கிடைக்காது. கிடைத்தாலும் அதன் நுனியில் உள்ள தோல் டிப் நசுங்கி, அதைத் தாங்கும் ஃபெரூல் வளையத்துக்கு வெளியே பிதுங்கியிருக்கும். பந்து பாக்கெட்டில் விழாவிட்டால் தவறு கையிலா, குச்சியிலா என்றே தெரியாது. கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

ஒற்றைத் துண்டுக் கியூவுக்கு அடிக்கும் சுகத்தில் ஈடே கிடையாது. இடையில் உலோகம் இல்லாததால் டிப் வெள்ளைப் பந்தைத் தொடும் அதிர்வு முழுதாகக் கைக்கு வந்து சேர்கிறது. ஆனால் கிட்டத்தட்ட ஐந்தடி நீளம். மாலை நேரக் கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில், தவளக்குப்பம் தாண்டுவதற்குள் அந்தப் பெட்டியை எத்தனை பேர் இடிப்பார்கள் என்பது அந்த வழியில் போய்வருகிறவர்களுக்குத் தெரியும்.

பாதி ஜாயிண்ட் எதிர்த் திசை. சரிபாதியாகப் பிரிந்து சிறிய பெட்டியில் அடங்கும், ஸ்கூட்டரில் குறுக்கே மாட்டிக்கொள்ளலாம், விலையும் குறைவு. நான் முதலில் வாங்கியது அதுதான். ஒரே வருடத்தில் திருகு தளர்ந்து, பலமாக அடிக்கும்போதெல்லாம் நடுவில் ‘டக்’ என்று சத்தம் வந்தது. நான் வைத்திருந்தது மலிவானது. நல்ல பட்டறையில் செய்த பாதி ஜாயிண்டில் ஓரிரு ஃபிரேம் (ஆட்டம்) மட்டுமே ஆடியிருக்கிறேன். அதை வைத்து அந்த வகையையே ஒதுக்கிவிட மாட்டேன்.

முக்கால் ஜாயிண்டில் தண்டு 42 அங்குலம், பிடி 16 அங்குலம். இணைப்பு பின்கைக்குச் சற்று முன்னால் வந்துவிடுகிறது. முன்னால் நீளும் மரம் முழுதும் ஒரே துண்டு. பெட்டி மூன்றே முக்கால் அடி. பஸ்ஸில் மடிக்கும் தோளுக்கும் நடுவே சாய்த்து வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் கடையிலேயே தெரிந்துவிடும். நம் ஊரில் எது நிலைக்கும் என்பதை முடிவு செய்வது பராமரிப்புதான். ஸ்நூக்கர் 1875-இல் ஜபல்பூரில் பிறந்து, ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட விளையாட்டு. வங்கக்கடல் ஓரத்து ஈரமும் உப்பும் வேறு கதை. மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், உலர்ந்தால் விடும். ஒரு பக்கம் அதிகமாக வாங்கினால் கோணும். ஆஷ் மரத்தின் அம்பு போன்ற ரேகைகள் குறி பார்க்கக் கண்ணுக்கு உதவுகின்றன. ஆனால் அந்த ரேகைகளின் துளைகளில்தான் வியர்வையும் டிப்பில் தேய்க்கும் சாக் தூளும் போய் அடைகின்றன. மேப்பிள் இன்னும் வழவழப்பாக இருக்கிறது. அதில் நான் ஆடியது குறைவு. நண்பர் ஒருவர் துடைப்பதற்கு அதுவே எளிது என்கிறார்.

வேட்டித் துணி ஒன்றைக் கிழித்துப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் டிப்பிலிருந்து பிடி வரை, துணி சூடாகும் அளவுக்கு அழுத்தித் துடைக்கிறேன். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் ஜாயிண்டின் பித்தளையில் பனி பூத்தாற்போல் நீர் படியும்; அதைத் துடைக்காமல் பெட்டியை மூடினால் சில வாரங்களில் திருகின் பள்ளங்களில் பச்சை படிகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் நாலைந்து சொட்டு, மெல்லிய பூச்சாக. மிச்சத்தைத் துடைத்துவிட்டு ஓர் இரவு படுக்கவைத்துவிடுவேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், விரித்துக் காயவையுங்கள்; சுருண்ட துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரில் தண்ணீர் புகுந்தது. என் கியூவைப் பிரித்துப் பரண்மேல் படுக்கவைத்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது பெட்டியின் உள்துணியில் பூஞ்சை, திருகில் பச்சை. இரண்டையும் ஒரு மதியத்தில் துடைத்து எடுத்துவிட்டேன். நண்பருடைய ஒற்றைத் துண்டு பரணில் அடங்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தே நின்றது. பிறகு அதை டேபிளில் உருட்டியபோது, டிப் ஒவ்வொரு சுற்றுக்கும் துணியிலிருந்து எழும்பி எழும்பி இறங்கியது. கிளப்பில் டேபிளையும் ஸ்கோரையும் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணன் ஒரு கண்ணை மூடித் தண்டின் நீளத்தில் பார்த்துவிட்டு, “தம்பி, இது இனி நேராகாது” என்றார். 42 அங்குலத் தண்டும் கோணாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் படுக்கவைக்க வீட்டில் எப்போதும் இடம் கிடைக்கிறது.

ஒரே கியூவோடு வருடக்கணக்கில் பழக வேண்டும் என்பது என் கருத்து; இந்தப் பராமரிப்பும் அதற்குத்தான். ஸ்காட்லாந்து ஸ்நூக்கர் வீரர் ஸ்டீஃபன் ஹெண்ட்ரி தம் ஏழு உலகப் பட்டங்களையும் ஒரே கியூவில்தான் வென்றார். விலை அதிகமில்லாத அந்தக் கியூ, 2003-இல் பாங்காக்கிலிருந்து திரும்பிய விமானப் பயணத்தில் முறிந்துபோனது. என்னை உறுத்துவது அந்த முறிவுதான்: அத்தனை வருடம் ஒரு கை பழகிய எடையும் அதிர்வும் ஒரே நாளில் போய்விட்டன. பார்த்துக்கொள்ளத் தோதான கியூவை வாங்கினால்தான் அந்தப் பழக்கம் வருடக்கணக்கில் நீளும்.

கடைக்குப் போகிறவர்கள் தண்டைத் தனியாகவும், பூட்டியபின் முழுதாகவும் உருட்டிப் பாருங்கள். திருகு கடைசிச் சுற்றில் இறுக வேண்டும், முதல் சுற்றிலேயே சிக்கக் கூடாது. டிப் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அதை மாற்றிக்கொள்ளலாம். என் கியூவில் இப்போது இருப்பது ஒன்பதாவது.